யாரிடமாவது ஒரு வார்த்தை

2024 ஆகஸ்ட் கடைசியில் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலுக்குத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. அப்போது அவருக்கு வயது 82. லூதியானாவில் நூற்பாலைத் தொழிலைக் கட்டி வளர்த்தவர், பத்மபூஷண் விருது பெற்றவர், வக்கீல்களையும் தணிக்கையாளர்களையும் ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழகியவர். அழைத்தவர்கள் தங்களை சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு, பணமோசடி வழக்கொன்றில் அவர் பெயர் அடிபடுவதாக மிரட்டினார்கள். ஸ்கைப் வழியே இரவும் பகலும் அவரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் பெயரில் போலி விசாரணையையும் நடத்தினார்கள். தலைமை நீதிபதி என்ற பெயரில் ஒருவர் பேசினார்; முத்திரையிட்ட 'உத்தரவு' வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. மொத்தம் 7 கோடி ரூபாய் போனது. பஞ்சாப் போலீஸ் விரைந்து இறங்கியதால் அதில் 5.25 கோடி திரும்பக் கிடைத்தது.

அந்த மிரட்டலோடு ஒரு நிபந்தனையும் வந்தது: யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவரிடம் விஷயம் போன பிறகுதான் இது மோசடி என்ற சந்தேகமே எழுந்தது.

இப்படி ஏமாறுகிறவர்களின் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருகிறது. 2023இல் சைபர் மோசடிகளால் இந்தியர்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடியாக உயர்ந்தது என்று மத்திய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதே வகையில் ஏமாந்த, ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி எழுதிய கடிதத்தை வைத்து 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. டிசம்பரில், ஓஸ்வாலுக்கு நடந்தது போன்ற 'டிஜிட்டல் கைது' வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் கொடுத்தது. சட்டம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. தொழில்நுட்பமும் செய்கிறது. சந்தேகத்துக்குரிய சிம் கார்டுகள் முடக்கப்படுகின்றன. 1930 என்ற உதவி எண் நாடு முழுக்க இயங்குகிறது.

ஆனால் போலீஸும் மென்பொருளும் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. மோசடிக்காரரின் குரல் காதில் ஒலிக்கும் நேரம் அது. அங்கே காப்பாற்றக்கூடியவை மூன்றுதான்: சற்று ஆறப் போடுவது, இன்னொருவரிடம் சொல்வது, ஏமாந்தவரை ஏசாமல் இருப்பது. மூன்றும் மனிதருக்குப் பழக்கமானவை, செலவில்லாதவை. இவற்றைத் தனிமனிதரின் புத்திசாலித்தனத்துக்கு விட்டுவிடாமல், வங்கியும் காவல் நிலையமும் குடும்பமும் கடைப்பிடிக்கும் பொது வழக்கமாக மாற்ற வேண்டும். சட்டத்துக்கு மாற்றாக அல்ல, அதற்குத் துணையாக.

'ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன்' என்று நம்பாதவர் நம்மில் குறைவு. ஆராய்ச்சி அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன் பற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளை அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் ஒன்றுதிரட்டி 2006இல் ஆராய்ந்தார்கள். சரியாகக் கணித்த விகிதம் சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் சரியாக இருக்கும். போலீஸ்காரர்கள் போன்ற அனுபவசாலிகளும் சாதாரண மக்களைவிடச் சொல்லும்படியாகச் சிறந்து விளங்கவில்லை. கண்ணைப் பார்க்காமல் பேசுகிறார், குரல் தடுமாறுகிறது என்று நாம் நம்பும் அடையாளங்கள் பொய்யரையும் பயந்தவரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

காரணம் எளிது. நம்புவதுதான் மனிதரின் இயல்பு நிலை. பேருந்து நடத்துநர் கொடுக்கும் சில்லறையை, மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் மாத்திரையை, பள்ளியிலிருந்து வரும் தகவலை ஒவ்வொன்றாகச் சந்தேகித்தால் ஒரு பொழுதும் நகராது. தகவல் தொடர்பு ஆய்வாளர் திமோத்தி லெவைன் இந்த அடிப்படையில்தான் தன் கோட்பாட்டை அமைத்தார்: எதிரில் இருப்பவர் உண்மை சொல்கிறார் என்றே மனம் முதலில் எடுத்துக்கொள்கிறது, மாறான காரணம் கிடைக்கும்வரை அந்த நிலை மாறாது. பெரும்பாலான பொய்கள் பிடிபடுவது முகக் குறிப்பால் அல்ல. பிறகு கிடைக்கும் வெளித் தகவலால். ஆகவே ஏமாறாமல் இருக்க எல்லோரையும் சந்தேகிக்கும் மனிதராக மாற வேண்டியதில்லை. வெளித் தகவல் வந்து சேரும் வழி அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மோசடிக்காரர்கள் முதலில் அடைப்பதும் அந்த வழியைத்தான். அவர்களுடைய உரையாடலில் நான்கு அம்சங்கள் தவறாமல் இருக்கும்: அதிகாரத்தின் தோரணை, பயம், அவசரம், ரகசியம். காக்கிச் சட்டையும் பின்னால் தெரியும் காவல் துறைச் சின்னமும் முதலாவது. 1960களில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், சாம்பல் நிற அங்கி அணிந்த ஆய்வாளர் 'தொடருங்கள்' என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, இன்னொரு மனிதருக்கு உச்சபட்ச மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியபடியே விசையை அழுத்தியவர்கள் 65 சதவீதம் பேர். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அதிகாரத்தின் குரலுக்குப் பணியப் பழகிய சாதாரண மக்கள். அதே சோதனையின் வேறொரு வடிவத்தில், பக்கத்தில் இருந்த இருவர் 'முடியாது' என்று எழுந்ததும் பெரும்பாலானோர் தாங்களும் நிறுத்திவிட்டார்கள். துணைக்கு ஒரு குரல் கிடைத்ததும் அதிகாரத்தின் பிடி தளர்ந்தது.

2024 நவம்பரில் ஐதராபாத்தின் ஸ்டேட் வங்கிக் கிளையொன்றில் நடந்தது இதற்கு நேரடிச் சான்று. 61 வயதான குழந்தை மருத்துவர் ஒருவர் தன் வைப்புத்தொகையை உடைத்துப் பணத்தை மாற்ற வந்தார். பல ஆண்டு வாடிக்கையாளர். முகத்தில் கலக்கத்தைக் கண்ட ஊழியர் காரணம் கேட்டார். சொந்தத் தேவை என்றார். பிறகு சொத்து வாங்குவதாகச் சொன்னார். கிளை அலுவலர்களுக்குத் திருப்தி இல்லை. குடும்பத்தில் யாரையாவது அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மீண்டும் வந்தபோதும் மறுத்தார்கள். கடைசியில் 1930க்குப் பேச வைத்த பிறகுதான், தான் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. வங்கிக்காரர்களை நம்ப வேண்டாம் என்றும் மோசடிக்காரர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். 13 லட்சம் ரூபாய் தப்பியது. அந்தக் கிளையில் அன்றைக்குப் புதிய மென்பொருள் எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, 'எதற்குங்க இவ்வளவு பணம்?' என்று கேட்ட ஊழியர் இருந்தார்.

ஜப்பான் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகவே முறையான பழக்கமாக வளர்த்துவருகிறது. 'நான்தான், நான்தான்' என்று மகனைப் போலவோ பேரனைப் போலவோ பேசி முதியவர்களிடம் பணம் பறிக்கும் மோசடி அங்கே 2003 வாக்கில் தலையெடுத்தது. வங்கி ஊழியர்களும் பெட்டிக்கடை போன்ற இருபத்துநான்கு மணி நேரக் கடைகளின் ஊழியர்களும், பதற்றமாகப் பணம் அனுப்ப வரும் முதியவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டுக்கொள்கிறது. குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ரகசியச் சொல் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறது. ஒசாகா மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய், 65 வயது நிரம்பியவர்கள் செல்போனில் பேசிக்கொண்டே ஏடிஎம் இயந்திரத்தை இயக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டிலிருந்து விதி வகுத்திருக்கிறது. காதில் ஒலிக்கும் அந்தக் குரலைத் துண்டிப்பதே நோக்கம். ஒருவரின் குரலைப் போலவே பேசும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலத்தில், 'அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன்' என்று அழைப்பது மகன்தானா என்பதை உறுதிசெய்ய அந்த வீட்டுச் சொல்லைவிட எளிய வழி இல்லை.

பிரிட்டன் ஆறப் போடுதலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. மோசடி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வங்கிகள் பணப் பரிமாற்றத்தைக் கூடுதலாக 72 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம் என்ற விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்ட் வரை வங்கிகளே ஈடு செய்ய வேண்டும் என்பதும் கட்டாயம். நட்டம் தன் தலையில் விழும் என்றால் வங்கி தானாகவே கேள்வி கேட்கும். சிங்கப்பூரில் 2025 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்தின்படி, ஏமாற்றப்படுகிறோம் என்பதையே நம்ப மறுப்பவரின் வங்கிக் கணக்கைப் போலீஸ் 30 நாட்களுக்குக் கட்டுப்படுத்தி வைக்கலாம். போலீஸ் நேரில் வந்து எச்சரித்த பிறகும் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தவர்களை அந்த நாடு பார்த்திருக்கிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் அந்த ஊரில், சட்டம் நிறைவேறும் முன் தனிமனித உரிமை குறித்தும் தீவிரமாக விவாதித்தார்கள். அந்த விவாதம் இங்கும் நடக்கத்தான் வேண்டும். என்றாலும் மூன்று நாள் தாமதத்தால் வாழ்நாள் சேமிப்பு தப்பும் என்றால், அந்தத் தாமதத்தை மூத்த குடிமக்கள் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுக்கும் வசதியை வங்கிகள் கொடுப்பதில் உரிமை மீறல் ஏதும் இல்லை. பெரிய தொகை வெளியே போகும்முன் மகளுக்கோ தம்பிக்கோ தகவல் போகட்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுக்க முடிய வேண்டும்.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று எழும். சொந்தபந்தங்களிடம் கேட்டுச் செய்தால் தப்பிக்கலாம் என்றால், தமிழ்நாட்டில் சொந்தபந்தங்கள் மூலமாகவே பரவிய மோசடிகளை என்ன சொல்வது? பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவி 2012இல் சரிந்த ஈமு கோழிப் பண்ணைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பலரும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டிருக்கிறார் என்பதைப் பார்த்தே போட்டார்கள். ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதந்தோறும் 25 முதல் 30 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு நடத்திவருகிறது. அங்கேயும் மச்சான் சேர்ந்தார், அலுவலக நண்பர் சேர்ந்தார் என்பதே முதல் நம்பிக்கை. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதா மாதம் ஒழுங்காகப் பணம் வரும். அவர்கள் பொய் சொல்வதில்லை. தங்களுக்குக் கிடைத்ததை உள்ளபடியே சொல்கிறார்கள். பின்னால் வருபவரின் முதலே முன்னால் வந்தவரின் வட்டி என்பது அவர்களுக்கும் தெரியாது.

ஆகவே யாரிடமாவது கேட்பது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த வியாபாரத்தில் ஏற்கெனவே பணம் போட்டவரிடமும், ஆள் சேர்த்தால் கமிஷன் பெறுபவரிடமும் கேட்டுப் பயனில்லை. நம் முடிவால் ஒரு ரூபாய் லாபமோ நட்டமோ அடையாதவரிடம்தான் கேட்க வேண்டும். ஊர்க் கூட்டுறவு வங்கிச் செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்கு வழக்குத் தெரிந்த மருமகள் என்று ஒவ்வொரு தெருவிலும் அப்படிப்பட்டவர் இருப்பார். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997 முதல் இருக்கிறது. சொத்துகளைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டுப் பணத்தைத் திருப்பித் தர அது வழி செய்கிறது. ஆனால் அந்த வழியில் பணம் கைக்கு வரப் பல வருடம் ஆகும், முழுதாகவும் வராது. போடும் முன்பே நடக்கும் பத்து நிமிடப் பேச்சுக்கு அத்தனை மதிப்பு.

ஏமாந்தவரை ஏசாமல் இருக்கும் மூன்றாவது பழக்கமே மிகவும் கடினம். ஏமாந்தவர் வீட்டுக்கு வந்து சொன்னதும் முதலில் கேட்பது, 'இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியலையா?' என்ற குரல். காவல் நிலையத்திலும் பல சமயம் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பயந்து மறைப்பவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. மறைப்பதால் நேரும் சேதமோ கண்கூடானது. பணம் முதல் கணக்கிலிருந்து பத்து, இருபது கணக்குகளுக்குப் பிரிந்து கிரிப்டோவாக மாறுவதற்குள் 1930க்குத் தகவல் போனால்தான் அதை வழியிலேயே முடக்க முடியும். முதல் சில மணி நேரங்கள் அவமானத்தில் கழிந்தால் பணமும் கழிந்துவிடும். அதோடு முடிவதுமில்லை. இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று வக்கீல் போலவும் அதிகாரி போலவும் பேசி, அதே ஆளிடம் இரண்டாம் முறை கறக்கும் கும்பல்கள் உலகம் முழுக்க இயங்குகின்றன. தன் வீட்டாரிடமே சொல்ல முடியாதவர்தான் அவர்களுக்கு எளிதாக வசப்படுகிறார்.

ஏசுவது அறத்தின்படியும் தவறு. மறுமுனையில் பேசுகிறவரே சில வேளைகளில் ஏமாற்றப்பட்டவர். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்டு, மோசடி அழைப்புகள் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் அவர்களை மீட்கக் கோரி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் முதல் குழு சென்னை திரும்பியது. பொறியியல் படித்த பிள்ளைகள் வேலை விளம்பரத்தை நம்பிப் போனார்கள். அவர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வைப்புத்தொகையை இழந்த ஓய்வூதியருக்கும் அதே மரியாதை உரியது.

இந்த மூன்று பழக்கங்களுக்கும் முன்னால் வைக்க வேண்டியது முன்னறிவு. 1960களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்கைர் ஒரு விஷயத்தைச் சோதித்துக் காட்டினார்: தவறான வாதத்தின் வீரியம் குறைந்த வடிவத்தையும் அதற்கான மறுப்பையும் முன்கூட்டியே சந்தித்தவர்கள், பின்னால் அதே வகை வாதம் முழு வேகத்தில் வரும்போது அதிகம் எதிர்த்து நிற்கிறார்கள். தடுப்பூசி வேலை செய்யும் விதத்தில் என்று அவரே விளக்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சாண்டர் வான் டெர் லிண்டனும் அவருடைய குழுவினரும் அதே கருத்தை 2018இல் இணைய விளையாட்டாக்கினார்கள். விளையாடுபவர் பொய்ச் செய்தி பரப்புபவராக நடிக்க வேண்டும். தந்திரங்களைத் தன் கையால் செய்து பார்த்தவருக்கு அவை மீண்டும் எதிர்ப்படும்போது அடையாளம் தெரிகிறது. காலப்போக்கில் இந்தப் பலன் மங்குகிறது, அவ்வப்போது நினைவூட்ட வேண்டும் என்பதையும் அவர்களுடைய ஆய்வுகள் சொல்கின்றன.

நம்மிடம் இப்போது உள்ள விழிப்புணர்வு பெரும்பாலும் 'ஓடிபியைப் பகிராதீர்கள்' என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. டிஜிட்டல் கைதில் ஓடிபியை யாரும் கேட்பதே இல்லை. பாதிக்கப்பட்டவர் தானே வங்கிக்கு நடந்து போய் ஆர்டிஜிஎஸ் படிவத்தில் கையெழுத்திடுகிறார். மக்களுக்குத் தெரிய வேண்டியது அந்த நாடகத்தின் காட்சி வரிசை. கூரியரில் போதைப்பொருள் வந்ததாக முதல் அழைப்பு, அதைப் 'போலீசுக்கு மாற்றுகிறோம்' என்று இரண்டாவது, கேமராவை அணைக்காதே என்று மூன்றாவது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று பணம் கேட்டு நான்காவது. வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டம் எதிலும் இடமில்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காவல் துறைகளுக்குச் சொல்லிவிட்டது. இந்த இரண்டு தகவலும் ரேஷன் கடைப் பலகை வரை போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர்க்கும் வழிகளும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் இந்த நாடகத்தைப் பஞ்சாயத்து மேடையில் நடித்தே காட்டலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கருவூலத்துக்கு நேர்காணலுக்கு வருகிறார்கள். மோசடிக்காரர்கள் குறிவைப்பதும் இவர்களைத்தான். அங்கேயே ஒவ்வொருவர் கையிலும் 1930 என்ற எண்ணும், அழைப்பைத் துண்டித்துவிட்டு முதலில் பேச வேண்டிய சொந்தக்காரரின் பெயரை எழுதிக்கொள்ள வெற்று இடமும் உள்ள ஓர் அட்டையைக் கொடுக்க அதிகச் செலவாகாது. வங்கிகள் தங்கள் பங்குக்கு, வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் உடைக்க வரும் 60 வயதைக் கடந்தவரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைக் கவுண்டரில் ஒட்டி வைக்கட்டும். சைபர் கிரைம் காவல் நிலையங்களில் புகார் எழுதும் இடத்தில், எப்படி ஏமாந்தீர்கள் என்ற கேள்விக்கு முன்னால், எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்குப் பணம் போனது என்ற கேள்வி வரட்டும். அடுத்த கிராம சபைக்கான தீர்மானங்களை ஊராட்சிகள் எழுதும்போது இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே வேலை தொடங்கிவிடும்.